நகச்சுற்று வந்த விரலில் நடப்பது என்ன?

நகச்சுற்று வந்தவர்களுக்கு அந்த வலியை விளக்கத் தேவையில்லை. நகத்தோரத்தில் எழும்பி நிற்கும் ஒரு சிறு தோலைப் பிய்த்துவிட்டு மறந்துபோகிறோம். மறுநாள் காலையில் அந்த இடம் சிவந்து தடித்திருக்கிறது. இரவுக்குள் விரல்நுனி முழுவதும் சூடேறி, நாடித்துடிப்போடு சேர்ந்து விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கிவிடுகிறது. எலுமிச்சம்பழத்தில் துளையிட்டு விரலை அதற்குள் செருகிவைப்பது நம் வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம். ஓரிரு நாளில் நகத்தோரம் வெளிறிச் சீழ் கட்டுகிறது. அது தானாக உடைந்தாலோ, மருத்துவர் கீறி வெளியேற்றினாலோ வலி சட்டென்று தணிகிறது. இவ்வளவையும் கிருமியின் வேலை என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறேன். "கவுண்ட் ஏன் ஏறியிருக்கிறது?" என்று வெள்ளையணு எண்ணிக்கை காட்டும் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். அவர்களுக்கு நின்று விளக்க நேரம் கிடைக்காமல் போவதை இங்கே எழுதுகிறேன். அந்த விரலில் நாம் கண்ணால் காண்பதிலும் உணர்வதிலும் பெரும்பகுதி கிருமி செய்தது அன்று, நம் உடல் செய்தது. சிவப்பு, சூடு, வீக்கம், சீழ், காய்ச்சல் அனைத்தும் இயல்பு நோய்த்தடைக்காப்பு என்று பாடநூல்கள் குறிப்பிடும் அமைப்பின் செயல்கள். கொரோனாவுக்குப் பிறகு ஆன்டிபாடியைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும் பேசாத வீடு இல்லை. ஆனால் தொற்று ஏற்பட்ட முதல் சில மணி நேரத்தில் நம்மை உயிரோடு வைத்திருக்கும் இந்த அமைப்பைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய குறை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நகச்சுற்றுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியம். வசதியான சூழலில் அது அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பதாகக் கொண்டால், ஒரே ஒரு பாக்டீரியம் பத்து மணி நேரத்தில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். ஆன்டிபாடியை உருவாக்கும் பெறப்பட்ட நோய்த்தடைக்காப்போ, முன்பின் அறியாத ஒரு கிருமிக்குப் பொருத்தமான செல்லைத் தேடிக் கண்டுபிடித்து, அதைப் பெருக்கி, போதிய அளவு ஆன்டிபாடியை இரத்தத்தில் விட ஒரு வாரம் அளவுக்கு எடுத்துக்கொள்கிறது. இந்த இடைவெளி முழுவதையும் பிறக்கும்போதே ஆயத்தமாக இருக்கும் அமைப்புத்தான் தாங்க வேண்டும். பெரும்பாலான சிறு தொற்றுகளை அது தனியாகவே முடித்தும் வைத்துவிடுகிறது.

தோல் உடையாமல் இருக்கும்வரை பாக்டீரியாவுக்கு வழியில்லை. அதன் மேற்பரப்பு உலர்ந்தது, சற்று அமிலத்தன்மை கொண்டது, கிருமிகளைக் கொல்லும் சிறு புரதங்கள் பூசப்பட்டது. பிய்த்த தோலின் வழியே உள்ளே நுழைந்த பாக்டீரியாவை அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் செல்களும் மாஸ்ட் செல்களும் எதிர்கொள்கின்றன. அவை வெளியிடும் ஹிஸ்டமின், டிஎன்எஃப், இன்டர்லூக்கின் போன்ற சமிக்ஞைப் பொருள்களால் பக்கத்திலுள்ள நுண்ணிய இரத்தக்குழாய்கள் விரிகின்றன. அவற்றின் சுவரில் உள்ள செல்களுக்கிடையே இடைவெளி ஏற்பட்டு, இரத்தத்தின் நீர்ப்பகுதி திசுவுக்குள் கசிகிறது. குழாய் விரிவதால் சிவப்பும் சூடும், நீர் கசிவதால் வீக்கமும் வருகின்றன. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்ற இந்த நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக ரோமானியரான செல்சஸ் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார்.

வலியின் கணக்கில் மட்டும் கிருமிக்கும் ஒரு பங்கு உண்டு. விரல்நுனியில் திசு இறுக்கமாக அமைந்திருப்பதால் சிறிதளவு நீர் கசிந்தாலும் அழுத்தம் ஏறுகிறது. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் வலி தெறிப்பது இதனால்தான். ஆனால் ஸ்டாஃபைலோகாக்கஸ் வெளியிடும் சில பொருள்கள் வலி உணரும் நரம்புகளை நேரடியாகவே தூண்டுகின்றன என்பதை 2013-ல் எலிகளில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. எனவேதான் மேலே "பெரும்பகுதி" என்று எழுதினேன்.

விரிந்த இரத்தக்குழாய்க்குள் நடப்பதுதான் என்னை இன்றும் வியக்கவைப்பது. நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளையணுக்கள் இரத்த ஓட்டத்தோடு விரைந்து போய்க்கொண்டிருப்பவை. அழற்சி ஏற்பட்ட இடத்தில் குழாயின் உட்சுவர் செலக்டின் என்னும் ஒட்டும் மூலக்கூறுகளை வெளியே நீட்டுகிறது. அவற்றில் பட்டுப் பட்டு நியூட்ரோஃபிலின் வேகம் குறைகிறது. அது சுவரோடு உருளத் தொடங்குகிறது. பிறகு இன்டெக்ரின் என்ற வேறொரு மூலக்கூறின் பிடியில் அசையாமல் நின்று, உடலைத் தட்டையாக்கி, சுவர்ச் செல்களுக்கிடையே நுழைந்து திசுவுக்குள் போய்விடுகிறது. இந்த இன்டெக்ரின் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் அரிதாக உண்டு. அவர்களுடைய இரத்தத்தில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை மிக மிக அதிகமாக இருக்கும். ஆனால் ஒன்றும் வெளியே வர முடியாததால் புண்ணில் சீழே இராது, தொப்புள்கொடி விழுவதுகூட வாரக்கணக்கில் தாமதமாகும். புண்ணோ ஆறாமல் பரவிக்கொண்டே போகும்.

திசுவுக்குள் வந்த நியூட்ரோஃபிலுக்குத் திசை காட்டும் பொருள்களில் ஒன்று பாக்டீரியாவிடமிருந்தே வருகிறது. பாக்டீரியாக்கள் தம் புரதங்களை ஃபார்மைல் மெத்தியோனின் என்னும் மாற்றம் பெற்ற அமினோ அமிலத்தில் தொடங்குகின்றன. நம் செல்கள் தம் புரதங்களை அவ்வாறு தொடங்குவதில்லை. அந்தத் துணுக்குகள் எங்கே செறிவாக இருக்கின்றனவோ அந்தப் பக்கம் நியூட்ரோஃபில் ஊர்கிறது. இதில் ஒரு நுட்பமும் உண்டு. நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஆதியில் பாக்டீரியாவாக இருந்தவை என்பதால், அவை மட்டும் இன்றும் தம் புரதங்களை ஃபார்மைல் மெத்தியோனினிலேயே தொடங்குகின்றன. கிருமியே இல்லாமல் அடிபட்டு நசுங்கிய இடத்திலும் நியூட்ரோஃபில்கள் திரள்வதற்கு, உடைந்த செல்களிலிருந்து சிந்திய மைட்டோகாண்ட்ரியாவும் ஒரு காரணம்.

இதற்கிடையே இரத்தத்தின் நீர்ப்பகுதியோடு காம்ப்ளிமென்ட் என்னும் கிருமி எதிர்ப்புப் புரதங்களும் கசிந்து வந்திருக்கும். பெல்ஜியத்தின் ஜூல் போர்டே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றின் செயலை விளக்கினார். 1919-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. இவற்றில் சி3 என்ற புரதம் உடைந்து, அதன் ஒரு துண்டு பாக்டீரியாவின் மேற்பரப்பில் நிலையாக ஒட்டிக்கொள்கிறது. ஸ்டாஃபைலோகாக்கஸின் தடித்த சுவரைக் காம்ப்ளிமென்ட் புரதங்களால் துளையிட முடியாது. ஆனால் சி3 துண்டுகள் போர்த்திய பாக்டீரியாவை நியூட்ரோஃபில் எளிதில் பற்றி விழுங்குகிறது. விழுங்கிய பாக்டீரியம் அடைபட்டிருக்கும் சிறு பைக்குள் ஆக்சிஜனிலிருந்து சூப்பர்ஆக்சைடும், அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும், அதிலிருந்து ஹைப்போகுளோரஸ் அமிலமும் உண்டாகின்றன. தரை கழுவப் பயன்படும் பிளீச்சிங் கரைசலில் கிருமியைக் கொல்லும் பொருளும் இதுவே. இந்த வேதிவினையின் முதற்படியைச் செய்யும் நொதி பிறவியிலேயே பழுதானவர்களுக்கு, விழுங்கிய பாக்டீரியாவும் பூஞ்சையும் செல்லுக்குள்ளேயே உயிரோடு இருக்கும். நாட்பட்ட கிரானுலோமா நோய் என்று அதற்குப் பெயர்.

கடைசிப் படியைச் செய்யும் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி பச்சை நிறமுடையது. சீழுக்கும் சளிக்கும் பச்சை நிறம் வருவது இதனால். சளி பச்சையாகிவிட்டது, ஆகவே ஆன்டிபயாடிக் வேண்டும் என்று மருந்துக்கடைக்குப் போகும் வழக்கம் பரவலாக இருப்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்: பச்சை நிறம் நியூட்ரோஃபில்கள் வந்து சேர்ந்ததற்கு அடையாளமே அன்றிப் பாக்டீரியாவுக்கு அடையாளம் அன்று. வைரஸால் வரும் சாதாரண ஜலதோஷத்திலும் சளி இரண்டு மூன்று நாளில் பச்சையாவது இயல்பு.

விழுங்கிக் கொல்வது தவிர நியூட்ரோஃபிலுக்கு இன்னொரு வழியும் இருப்பதை 2004-ல் பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அது தன் உட்கருவில் இருக்கும் டிஎன்ஏவை அவிழ்த்து, கிருமிகொல்லிப் புரதங்களோடு சேர்த்து வெளியே வீசி, அந்த இழைகளில் பாக்டீரியாவைச் சிக்கவைக்கிறது; பெரும்பாலும் அதோடு தானும் மடிகிறது. ஸ்டாஃபைலோகாக்கஸோ டிஎன்ஏவை வெட்டும் நொதியைச் சுரந்து அந்த இழைகளை அறுக்கிறது. இப்படி இரு பக்கமும் மடிந்தவையும், கரைந்த திசுவும் சேர்ந்ததுதான் சீழ். நன்றாகச் சேர்ந்துவிட்ட சீழுக்குள் ஆன்டிபயாடிக் மருந்து போதிய அளவு ஊடுருவுவதில்லை. எனவே எலுமிச்சம்பழத்தை நம்பி நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டிச் சீழை வெளியேற்றிக்கொள்வதே நல்லது.

இந்த நியூட்ரோஃபில்களைத்தான் எங்கள் அறிக்கைகளில் பாலிமார்ஃப் என்று எழுதுகிறோம். கண்ணாடி ஸ்லைடில் ஒரு துளி இரத்தத்தை மெல்லியதாக இழுத்து, உலர்த்தி, லீஷ்மன் சாயம் ஊற்றிக் கழுவி, எண்ணெய்த்துளி வைத்து நூறு மடங்கு லென்ஸில் பார்த்தால், வெளிர் இளஞ்சிவப்புப் பரப்பில் ஊதா நிற உட்கரு மூன்று நான்கு துண்டுகளாக மெல்லிய இழைகளால் இணைந்திருப்பது தெரியும். நலமாக இருப்பவர்களின் வெள்ளையணுக்களில் பாதிக்கு மேற்பட்டவை பொதுவாக இவையே. பெரியவர் ஒருவரின் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி என்ற அளவில் இவற்றை உற்பத்தி செய்கிறது; இரத்தத்தில் இவை சுற்றுவது பெரும்பாலும் ஒரு நாளுக்கும் குறைவு. கடுமையான பாக்டீரியத் தொற்று உள்ளவரின் ஸ்லைடில் காட்சி மாறிவிடும். மஜ்ஜை தன் இருப்பை அவசரமாக வெளியே அனுப்புவதால், உட்கரு இன்னும் துண்டாகாமல் வளைந்த பட்டையாக இருக்கும் இளம் செல்கள் மிகுந்திருக்கும். செல்லுக்குள் இருக்கும் துகள்கள் கருத்துத் தடித்திருக்கும். இயந்திரம் எண்ணித் தரும் எண்களைவிட இந்தக் காட்சி சில நேரங்களில் முன்னதாகவே செய்தி சொல்லிவிடுகிறது. அதனால்தான் சந்தேகத்துக்குரிய மாதிரிகளை நாங்கள் இன்றும் கண்ணால் பார்க்கிறோம்.

விழுங்கும் செல்களின் பங்கை முதன்முதலில் உணர்ந்தவர் ரஷ்ய உயிரியலாளர் இலியா மெச்னிகாவ். 1882-ல் சிசிலித் தீவின் மெசினா நகரில் அவர் தங்கியிருந்தபோது, குடும்பத்தினர் அனைவரும் சர்க்கஸில் குரங்குகளைப் பார்க்கப் போய்விட, அவர் மட்டும் வீட்டில் மைக்ரோஸ்கோப்பின் முன் அமர்ந்து நட்சத்திர மீனின் இளம்புழுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் அந்த உடலுக்குள் நகர்ந்து திரியும் செல்கள், உள்ளே நுழையும் வேற்றுப்பொருளை எதிர்க்கக் கூடியவையாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து முள் எடுத்துப் புழுவின் தோலுக்கடியில் செருகினார். மறுநாள் அதிகாலையில் அந்த முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. நட்சத்திர மீனுக்கு நம்முடையதைப் போன்ற ஆன்டிபாடி கிடையாது. முதுகெலும்புள்ள விலங்குகள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே இந்த எதிர்ப்புமுறை உயிரினங்களில் வந்துவிட்டது என்பதற்கு அந்த முள் சான்று. 1908-ல் ஆன்டிபாடி ஆய்வில் முன்னோடியான பால் எர்லிக்குடன் மெச்னிகாவ் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அதன்பின் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் இத்துறையின் கவனம் முழுவதும் ஆன்டிபாடியின் பக்கமே சாய்ந்திருந்தது. ஆன்டிபாடி எப்படிக் கிருமியை அடையாளம் காண்கிறது என்பதை விளக்கிவிட்டார்கள். மேக்ரோஃபேஜ் எப்படிக் காண்கிறது என்ற எளிய கேள்விக்கு விடையில்லை. தடுப்பூசியில் தூய புரதத்தை மட்டும் செலுத்தினால் உடல் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அலுமினிய உப்பையோ இறந்த பாக்டீரியாவையோ கலந்தால்தான் எதிர்வினை எழுகிறது. இதைத் தம் துறையின் வெளியில் சொல்லாத இரகசியம் என்று 1989-ல் வெளிப்படையாகவே எழுதினார் அமெரிக்காவின் சார்லஸ் ஜேன்வே. கிருமிகளிடம் மட்டுமே உள்ள, அவற்றால் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாத சில வடிவங்களை அறிவதற்கென்றே பரம்பரையாக வந்த ஏற்பிகள், அதாவது உணரும் புரதங்கள், நம் செல்களில் இருக்க வேண்டும் என்பது அவருடைய கணிப்பு.

விடை பழ ஈயிலிருந்து வந்தது. கருவில் முதுகு எது, வயிறு எது என்று வகுக்கும் டோல் என்ற மரபணு அந்த ஈயில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்தது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஜூல் ஹாஃப்மனின் ஆய்வகத்தில் புருனோ லெமெத்ரும் உடன் ஆய்வாளர்களும், டோல் பழுதான ஈக்கள் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையை எதிர்க்க இயலாமல் சில நாட்களில் இறப்பதை 1996-ல் வெளியிட்டார்கள். பூஞ்சை இழைகள் உடலெங்கும் முளைத்து மூடிய அந்த ஈயின் படம் இத்துறையில் இருப்பவர்கள் அனைவரும் பார்த்திருப்பது. மறு ஆண்டே ருஸ்லான் மெட்ஜிடாவும் ஜேன்வேயும் மனிதரிடமும் அத்தகைய மரபணு ஒன்று இருப்பதைக் காட்டினர்.

ஆனால் அது எதை உணர்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஓர் எலி இனம் தேவைப்பட்டது. சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் இருக்கும் எண்டோடாக்சின் என்னும் பொருள், உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சில நானோகிராம் செலுத்தினாலே மனிதருக்குக் காய்ச்சலை வரவழைத்துவிடும். ஒரு குறிப்பிட்ட எலி இனம் மட்டும், மற்ற எலிகளைக் கொல்லும் அளவு எண்டோடாக்சினைச் செலுத்தினாலும் பாதிப்பில்லாமல் இருந்தது. கேட்பதற்கு அது பெரும் வரமாகத் தோன்றும். அதே எலிகள் மிகச் சில உயிருள்ள சால்மொனெல்லா பாக்டீரியாக்களிடம் தோற்று இறந்தன. புரூஸ் பாய்ட்லரின் குழு ஆண்டுக்கணக்கில் அந்த எலியின் மரபணுத்தொகுதியைத் துழாவி, டிஎல்ஆர்4 என்ற, டோலை ஒத்த அந்த ஏற்பியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதை 1998-ல் கண்டறிந்தது. நஞ்சு என்று கருதப்பட்ட பொருள் தன்னளவில் பெரிய கேடு செய்வதில்லை. அதை உணர்ந்து உடல் காட்டும் எதிர்வினையே கொல்கிறது. அந்த உணர்வு இல்லாவிட்டாலோ கிருமி கொல்கிறது. என் பார்வையில் இந்த இயல் முழுவதிலும் இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை. 2011-ல் ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும், பெறப்பட்ட நோய்த்தடைக்காப்பைத் தூண்டிவிடும் டென்ட்ரிடிக் செல்களைக் கண்டறிந்த ரால்ஃப் ஸ்டைன்மனுக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கு மூன்று நாள் முன்னதாக ஸ்டைன்மன் இறந்துவிட்டிருந்தார்.

வைரஸ் நுழைந்தால் இதே அமைப்பு வேறு கருவிகளைப் பயன்படுத்துகிறது. தொற்றிய செல் இன்டர்ஃபெரானைச் சுரந்து, பக்கத்துச் செல்கள் வைரஸுக்கு இடங்கொடாத நிலைக்கு மாறும்படி செய்கிறது. 1957-ல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டறிந்தது இது. வைரஸ் காய்ச்சலின் தொடக்கத்தில் உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல வலிப்பதற்கு இன்டர்ஃபெரானும் ஒரு காரணம்.

காய்ச்சலும் இவ்வகையில் சேர்ந்ததே. மேக்ரோஃபேஜ்கள் வெளியிடும் இன்டர்லூக்கின்களும் டிஎன்எஃபும் இரத்தத்தில் கலந்து, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாகச் செய்கின்றன. உடல் தன் வெப்பநிலை இலக்கை உயர்த்திக்கொள்கிறது. வெப்பம் அந்த இலக்கை எட்டும்வரை நாம் போர்வைக்குள் நடுங்குகிறோம். பாராசிட்டமால் குறைப்பது அந்தப் புரோஸ்டாகிளாண்டினைத்தான். கிருமியை அது தொடுவதில்லை. மத்யூ குளூகரின் குழு 1970-களில் பாலைவன இகுவானா என்னும் பல்லி வகை ஒன்றில் செய்த ஆய்வு இங்கே நினைக்கத் தக்கது. தானாக வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ள முடியாத அந்தப் பிராணி, தொற்று ஏற்பட்டதும் வழக்கத்தைவிட வெப்பமான இடத்தை நாடிச் சென்று உடலைச் சூடேற்றிக்கொண்டது. குளிர்ந்த இடத்திலேயே அடைத்து வைக்கப்பட்டவை அதிக அளவில் இறந்தன. இதே சமயத்தில் கல்லீரல், பாக்டீரியா பெருகுவதற்குத் தேவையான இரும்புச்சத்தை இரத்தத்தில் கிடைக்கவிடாமல் ஒதுக்கிவைக்கும் ஹெப்சிடினையும், நாங்கள் நாள்தோறும் அளக்கும் சிஆர்பி என்ற புரதத்தையும் உற்பத்தி செய்கிறது. சிஆர்பி தொற்று தொடங்கிய சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கி, இரண்டு நாள் அளவில் உச்சத்தைத் தொடுகிறது. காய்ச்சல் தொடங்கிய அன்றே எடுத்த இரத்தத்தில் அது குறைவாக இருந்தால், அதை வைத்து மட்டும் நிம்மதி அடைய முடியாது.

இவ்வளவு அறிந்த பிறகு, நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விளம்பரப்படுத்தப்படும் பொடிகளையும் பானங்களையும் பார்க்கும்போது எனக்கு வருத்தமே ஏற்படுகிறது. விரலில் நடந்தது உடல் முழுவதும் ஒரே நேரத்தில் நடந்தால் அது செப்சிஸ். எல்லா இடத்திலும் குழாய்கள் விரிந்து நீர் கசிவதால் இரத்த அழுத்தம் சரிகிறது, உறுப்புகள் செயலிழக்கின்றன. வேலை முடிந்த நியூட்ரோஃபில்களை மேக்ரோஃபேஜ்கள் ஓசையின்றி விழுங்கி அகற்றுவதும், அழற்சியை நிறுத்தும் பொருள்கள் சுரப்பதும் தொடக்கத்தைப் போலவே உயிருக்கு இன்றியமையாதவை. கூட்டுவது மட்டுமே நன்மை என்றால் செப்சிஸ் நோயாளியைவிட நலமானவர் எவரும் இருக்க மாட்டார்.

மறுமுனையில், இந்தச் செல்களே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கீமோதெரபி பெறுபவர்களிடம் காண்கிறோம். மருந்து எலும்பு மஜ்ஜையையும் தாக்குவதால், சிகிச்சைக்குப் பின் பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்குகிறது. அது ஒரு மைக்ரோலிட்டரில் 500-க்குக் கீழே போனவருக்குத் தொற்று ஏற்பட்டால், புண் சீழ் கட்டுவதில்லை. சிவப்பும் வீக்கமும் பெயரளவுக்கே இருக்கும். நிமோனியா வந்தும் மார்பு எக்ஸ்ரேயில் தொடக்கத்தில் நிழல் தெரியாமல் போகலாம். கிருமி பெருகிக்கொண்டிருக்கும், அடையாளங்களை உண்டாக்கும் செல்கள் இரா. பல நேரங்களில் எஞ்சியிருக்கும் ஒரே அறிகுறி காய்ச்சல்தான். அதனால் இத்தகைய எண்ணிக்கை வந்தால் நாங்கள் அறிக்கை அச்சாகும்வரை காத்திருப்பதில்லை. வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்குக் காய்ச்சல் கண்டால் கல்ச்சர் எனப்படும் கிருமி வளர்ப்புப் பரிசோதனையின் முடிவு வரும் முன்பே, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றத் தொடங்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. வீட்டில் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள், வெப்பமானி 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைக் காட்டியதும், ஒரு பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை பார்க்கலாம் என்று காத்திருக்காமல், அந்த நேரமே சிகிச்சை பெறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.